நீரோசையும் பறையோசையும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்க்குப் பயன்படும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டனர். மன்னர்களின் வெற்றிகளையும் அவர்தம் கோட்டைகளையும் கூறும் நூல்கள் நூலகத்தில் நிறைய உள்ளன. அவற்றை மீண்டும் எழுதுவதால் பயன் இல்லை. ஆகவே, பாடநூல்கள் பெரிதும் பேசாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். நீரின் ஓசையைக் கேட்ட மனிதன் தாளக் கருவியை எவ்வாறு கண்டான்? தனி ஒருவன் தன் இரு கைகளால் மழையையும் அருவியையும் எவ்வாறு ஒலித்துக் காட்டினான்? அக்கருவியை ஏந்திய கைகளுக்கு இச்சமூகம் அளித்த இடம் யாது? இவையே ஈண்டு நாம் ஆராய விரும்பும் வினாக்கள்.

இப்பொருள் நமக்குத் தொலைவானதன்று. நீரும் பறையும் நம் முன்னோர் வாழ்வில் இரு பெரும் பொருள்களாக இருந்தன. நீர் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பறை அவர்கள் மீது சுமத்தப்பட்டது. இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைய இளைஞர் பறையை எந்தக் கண்ணோடு நோக்க வேண்டும் என்பது விளங்கும்.

தாமரை இலையில் விழுந்த மழை

இந்திய இசை, கூத்து ஆகியவற்றுக்கு மூல நூலாகக் கருதப்படுவது பரதரின் நாட்டிய சாத்திரம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. தோற்கருவிகளைப் பற்றிக் கூறும் அதன் பகுதியில் ஒரு கதை வருகிறது. சுவாதி என்னும் முனிவர், பாடம் ஓதாத விடுமுறை நாள் ஒன்றில், நீர் கொண்டுவரக் குளத்திற்குச் சென்றார். வானம் கருத்திருந்தது. பெருமழை கொட்டத் தொடங்கிற்று. காற்றோடு வந்த துளிகள் குளத்துத் தாமரை இலைகளின் மேல் விழுந்தன. பெரிய இலையில் விழுந்தபோது ஒருவகை ஓசை. நடுத்தர இலையில் வேறொரு வகை. சிறிய இலையில் மற்றொரு வகை. முனிவர் வியந்து நின்று கேட்டார். அவ்வோசைகளை மனத்திற்கொண்டு தம் இருப்பிடம் திரும்பினார். பின்னர் தேவதச்சனாகிய விசுவகருமனின் துணையோடு மிருதங்கம் முதலிய முழவுகளைச் செய்தார் என்பது கதை. அவ்வகை முழவுகளுக்குப் 'புஷ்கரம்' என்று பெயர். தாமரைக்கும் பொய்கைக்கும் வடமொழியில் வழங்கும் பெயரும் அதுவே.

இது புராணக் கதை. வரலாற்றுச் சான்று ஆகாது. ஆயினும் இதனுள் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. கருவியைச் செய்வதற்கு முன் கேட்டல் நிகழ்ந்தது. கேட்டதைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று வகைப்படுத்துதல் அடுத்து நிகழ்ந்தது. அதன் பின்னரே கைவினை தொடங்கிற்று. அறிவியலார் இன்றும் செல்லும் வழி இதுவேயன்றோ? அகன்ற இலை தாழ்ந்த ஒலியையும் குறுகிய இலை உயர்ந்த ஒலியையும் தருமென்பது இயற்பியலுக்கும் ஒத்ததாகும். இழுத்துக் கட்டிய தோலும் அகலம் மிகுந்தால் தாழ்ந்தும், அகலம் குறைந்தால் உயர்ந்தும் ஒலிக்கும்.

இக்கதையில் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். கேட்டவர் பெயர் இருக்கிறது. செய்த தச்சன் பெயரும் இருக்கிறது. கருவியின் வாயைத் தோல் கொண்டு மூடினர் என்ற செய்தியும் இருக்கிறது. ஆனால் அந்தத் தோலை உரித்தவன் யார், நீரில் ஊறவைத்து மயிர் களைந்தவன் யார் என்பது கதையில் இல்லை. இந்த மௌனத்திற்கு நாம் பின்னர் வருவோம்.

அருவியே முழவு

தமிழ் இலக்கியத்தில் இதற்கு நிகரான செய்தி உண்டா எனின், உண்டு. அதுவும் தெய்வக் கதையின் துணையின்றி, கண்ணால் கண்ட மலையாகவே உண்டு. அகநானூற்றின் 82-ஆம் பாட்டு கபிலர் பாடியது. மலைச்சாரலில் இயற்கையே ஓர் அரங்கை அமைத்திருப்பதாக அவர் காட்டுகிறார். வண்டு துளைத்த மூங்கிலில் காற்றுப் புகுந்து குழலாக ஒலிக்கிறது. அருவி நீர் விழும் ஓசை நெருங்கிய முழவோசை ஆகிறது. மான் கூட்டத்தின் குரல் தூம்பாகிறது. வண்டின் இசை யாழாகிறது. மந்திகள் அவையினராக இருந்து வியந்து நோக்க, மயில் விறலியைப் போல் ஆடுகிறது. இவ்வரங்கில் தாளத்தை ஏற்றிருப்பது நீர் என்பதைக் காண்க.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதனை மறுதலையாகக் கூறுகிறது. அங்கே கூத்தர் சுமந்து செல்லும் முழவு முதலிய கருவிகளின் ஒலி, மழை பொருந்திய வானத்து இடியோசைக்கு உவமிக்கப்படுகிறது. கபிலர் நீரோசையில் முழவைக் கேட்டார்; பெருங்கௌசிகனார் முழவோசையில் மழையைக் கேட்டார். சங்ககாலத்துச் செவி இவ்விரண்டையும் ஒன்றாகவே பயின்றிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைத்தார். ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்கே உரிய பறை இருந்ததாக உரையாசிரியர்கள் விரித்துரைத்தனர். முல்லைக்கு ஏறுகோட்பறை, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பட்டியல் நீளும். மருதமும் நெய்தலும் நீர் சூழ்ந்த நிலங்கள். வயலில் நெல் அரிவோர் முழக்கிய தண்ணுமைக்கு அஞ்சி நீர்நிலைப் பறவைகள் எழுந்து பறந்த காட்சி நற்றிணையில் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் 30-க்கும் மேற்பட்ட தோற்கருவிகளின் பெயர்களை அடுக்குகிறார். அவற்றுள் நாழிகைப்பறையும் ஒன்று. நாழிகையை அக்காலத்தில் நீர் சொட்டும் கன்னல் கொண்டே அளந்தனர். அத்தகைய கன்னல் முல்லைப்பாட்டிலும் குறிக்கப்படுகிறது.

மும்மாரி வேண்டிய முரசு

பறைக்குச் சாவு வீட்டில் மட்டுமே இடம் என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். இலக்கியம் அவ்வாறு கூறவில்லை. மணிமேகலையின் விழாவறை காதையில், யானையின் பிடரில் முரசேற்றி இந்திர விழாவை நகர்க்கு அறிவிக்கிறான் ஒருவன். அவன் முதுகுடியில் பிறந்தவன் என்று சாத்தனார் அவனைச் சிறப்பிக்கிறார். அவன் முதற்கண் கூறுவது நகர் வாழ்க என்னும் வாழ்த்து. அடுத்து, வானம் மாதம் மும்முறை பொழிக என்னும் வேண்டுதல். அதன் பிறகே அரசனின் செங்கோலைப் பற்றிய பேச்சு வருகிறது. மழையை வேண்டும் முதற்குரல் முரசறைவோன் குரலாக இருந்தது.

புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரின் குடிகளையன்றி வேறு குடி இல்லை என்கிறார். பெருமையோடு அவர் எடுத்துரைத்த இந்நால்வருள் இசையோடும் தாளத்தோடும் தொடர்புடைய குடிகளே மிகுதி. ஆனால் பிற்காலத்தில் எது நிகழ்ந்தது என்பதை நாம் அறிவோம். குடிப்பெயர் இழிபெயராயிற்று. கருவி தீட்டாயிற்று. ஆயினும் ஊருக்கு அக்கருவி இல்லாமல் முடியவில்லை. ஏரி உடையும் நிலையில் ஊரைக் கூட்டவும், குடிமராமத்துக்கு ஆளை அழைக்கவும், மடை திறக்கும் நாளை அறிவிக்கவும் பறையே வேண்டியிருந்தது. ஏரியின் மடையைக் காத்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையையும் பல ஊர்களில் நம் மக்களே செய்தனர். நள்ளிரவில் கரையின் மேல் நடந்து, நீர் கசியும் ஓசையை வைத்தே எங்கே கரை இளகுகிறது என்று அறிய வேண்டிய வேலை அது. ஓசையைக் கேட்டு நீரை அறிதலும், ஓசையை எழுப்பி நீரை அறிவித்தலும் ஒரே மக்களின் கல்வியாக இருந்தன. அதனைக் கல்வி என்று யாரும் சொல்லவில்லை.

துளி ஏன் ஒலிக்கிறது?

மாணவர்கள் இவ்விடத்தில் சிறிது அறிவியலையும் அறிந்துகொள்ளுதல் நலம். தாமரை இலையில் விழும் துளி இலையை அதிரச் செய்து ஒலியெழுப்புகிறது. நீரின் மேற்பரப்பில் விழும் துளி ஒலிப்பது எவ்வாறு? துளி நீரில் மோதுவதே ஒலிக்குக் காரணம் என்று நாம் எண்ணுவது இயல்பு. அது சரியன்று. துளி விழும்போது நீரில் ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. பள்ளம் மூடிக்கொள்ளும்போது அடியில் ஒரு காற்றுக்குமிழி சிக்கிக்கொள்கிறது. அக்குமிழி சுருங்கியும் விரிந்தும் அதிர்வதாலேயே 'டொளக்' என்னும் ஒலி பிறக்கிறது.

குமிழியின் அளவுக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை 1933-இல் மின்னர்ட் என்னும் இயற்பியலறிஞர் கணக்கிட்டார். அவர் கண்ட விதிப்படி, நீர்ப்பரப்பின் அருகே 1 மில்லி மீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,300 முறை அதிரும். 3 மில்லி மீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 1,100 முறை அதிரும். ஆரம் மும்மடங்கானால் அதிர்வு மூன்றில் ஒரு பங்காகும். ஓடை சலசலப்பதும் அருவி முழங்குவதும் பல அளவுள்ள எண்ணற்ற குமிழிகள் ஒருங்கே அதிர்வதால்தான். 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரைவுப் படக்கருவி கொண்டு, சொட்டும் குழாயின் துளியை ஆராய்ந்தனர். துளியின் மோதல் ஏறக்குறைய ஒலியற்றது என்றும், சிக்கிய குமிழி நீர்ப்பரப்பையே அதிரச் செய்து அவ்வொலியைக் காற்றுக்குக் கடத்துகிறது என்றும் தெளிவுபடுத்தினர். கீழேயுள்ள பாத்திரத்து நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்துவிட்டால் ஒலி நின்றுவிடும் என்றும் கூறினர். இச்சோதனையை மாணவர் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வாளியும் சொட்டும் குழாயும் போதும்.

தோற்கருவியின் அறிவியலை ஆராய்ந்தவர் நம் சர் சி. வி. இராமன். வெறுந்தோல் அதிரும்போது எழும் துணை ஒலிகள் ஒன்றுக்கொன்று இயையாதவை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசப்படும் கருநிறக் கரணை அத்துணை ஒலிகளை இயையச் செய்கிறது என்று 1920-இல் அவர் எடுத்துக்காட்டினார். அவர் நோபல் பரிசு பெற்றது 1930-இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுத் தோற்கருவிகளின் நுட்பத்தை அவர் உலக அறிவியல் இதழில் எழுதினார். அந்நுட்பத்தைக் கல்லும் சோறும் அரைத்துக் கையால் பூசிப் பூசிக் கண்டவர்களோ எழுத்தறிவு மறுக்கப்பட்ட கைவினைஞர்கள்.

நீரே கருவியாதல்

நீரோசையைத் தோலில் கொண்டுவருதல் ஒருவகை. நீரையே கருவியாகக் கொள்ளுதல் மற்றொரு வகை. வாத்சியாயனர் நூலில் காணப்படும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் 'உதகவாத்தியம்' ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதற்கு உரை வகுத்த யசோதரர், நீரை முழவைப் போல் தட்டி இசைத்தல் என்று அதற்குப் பொருள் கூறினார். பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறு அளவில் நீர் ஊற்றி, மெல்லிய குச்சிகளால் தட்டி இசைக்கும் சலதரங்கம் பதினேழாம் நூற்றாண்டுச் சங்கீத பாரிசாதத்தில் விளக்கப்பட்டுள்ளது. கிண்ணத்தில் நீர் மிகுந்தால் சுருதி தாழும், குறைந்தால் உயரும். ஒருவரே கிண்ணங்களின் நடுவே அமர்ந்து பண் முழுவதையும் இசைத்துவிடுவார்.

கடல் கடந்த நாடுகளிலும் இக்கலை உண்டு. ஆப்பிரிக்காவில் காமெரூன் நாட்டின் தென்கிழக்குக் காட்டில் வாழும் பாக்கா இனப் பெண்கள், ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, குவித்த கைகளால் நீரை அறைந்து முழவோசை எழுப்புகின்றனர். பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு நாட்டின் வடபகுதித் தீவுகளில் வாழும் பெண்களும் அவ்வாறே செய்கின்றனர். அவர்களிடம் மரமும் தோலும் இல்லாமல் இல்லை. நீரும் ஒரு தோல் என்று அவர்கள் கண்டனர். உள்ளங்கை காற்றை அடைத்துக்கொண்டு நீருக்குள் இறங்கும்போது தாழ்ந்த ஒலியும், விரல்கள் மேற்பரப்பைத் தட்டும்போது உயர்ந்த ஒலியும் எழும். மேலே கூறிய குமிழி அறிவியல் அவர்களது கையில் பழக்கமாகவே இருக்கிறது.

மேலைநாட்டு இசைஞர்கள் இதனை மிகவும் பிந்தியே கண்டனர். அமெரிக்க இசைஞர் ஜான் கேஜ் 1952-இல் நீரை ஊற்றும் ஓசையையும் இசையில் சேர்த்து ஒருவரே நிகழ்த்தும் படைப்பொன்றைச் செய்தார். 1959-இல் குளியல் தொட்டி, குடுவை, பனிக்கட்டி முதலியவற்றைக் கொண்டு இத்தாலித் தொலைக்காட்சியில் தாமே தனித்து ஒரு நீர் நிகழ்ச்சி நடத்தினார். சீனத்து ஊனான் மாநிலத்தில் பிறந்த டான் டுன் என்பவர் நீர்த்தாளக் கருவிகளுக்கும் பெரும் இசைக்குழுவுக்கும் உரிய படைப்பொன்றை எழுதினார். அது 1999-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. மேடையின் முன்பக்கத்தில் ஒளி ஊடுருவும் பெரிய நீர்க்கலங்கள் வைக்கப்பட்டன. தாளக்கலைஞர் கிறிஸ்டோபர் லாம் அவற்றின் நீரைக் கைகளால் அறைந்தும், அள்ளி விட்டும், நீரில் மிதக்கும் கலங்களைத் தட்டியும் வாசித்தார். டான் டுன் தம் இளமையில் ஊர் ஆற்றங்கரையில் மக்கள் துணி துவைத்த ஓசைகளை நினைவுகூர்ந்தே நீரை இசையாக்கினார். துணி துவைக்கும் ஓசை உலகத்தின் பெரிய அரங்கு ஒன்றில் ஏறியது. உழைப்பாளர் கையிலிருந்து பிறக்கும் ஓசையை இழிவென எண்ணும் பழக்கத்திற்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டுமோ?

தோலை ஏந்திய கைகள்

மேலே குறித்த மௌனத்திற்கு இப்போது வருவோம். தோற்கருவி செய்வதில் நீருக்கு முதன்மையான இடம் உண்டு. தோலை நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஈரம் இருக்கும்போதே வாயில் இழுத்துப் பொருத்த வேண்டும். ஈரம் உலர உலரத் தோல் இறுகும். மிருதங்கத்தின் இடந்தலையில் வாசிக்கும் முன் ரவையை நீரில் பிசைந்து அப்புவார்கள்; அப்போதுதான் அது தாழ்ந்த, கனிந்த ஒலியைத் தரும். பறையோ இதற்கு நேர்மாறானது. அது வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோல் ஒட்டிச் செய்யப்படுவது. மழைக்காலத்து ஈரம் ஏறினால் அதன் குரல் தளர்ந்துவிடும். ஆகவே வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டி ஈரத்தைப் போக்குவர். நீரிலிருந்து பிறந்த தோல், நெருப்பில் காய்ந்தே பேசுகிறது.

இவ்வேலைகளைச் செய்தவர் யார்? மாடும் ஆடும் எருமையும் தரும் தோலின்றி மிருதங்கம் இல்லை. அதனைத் தொடவும் மறுத்தவர்கள் கருவியை மட்டும் மேடையில் மடிமேல் வைத்துக்கொண்டனர். மிருதங்கம் செய்யும் குடும்பங்களுள் பல தலித் கிறித்தவக் குடும்பங்கள் என்பதையும், பாலக்காடு மணி ஐயர் முதலிய பெருங்கலைஞர்களின் நாதத்திற்குப் பின்னால் பர்லாந்து போன்ற கைவினைஞர்களின் செவி இருந்தது என்பதையும் இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியான தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதினார். எந்தத் தோல் எந்தச் சுருதிக்கு ஏற்கும் என்பதைத் தொட்டும் தட்டியும் அறிந்தவர்கள் அவர்கள். சுவாதி முனிவரின் கதையில் எழுதப்படாமல் போன பெயர்கள் இவ்வாறு இருபத்தோராம் நூற்றாண்டில் எழுதப்படலாயின.

மறுக்கப்பட்ட நீர்

நீரின் ஓசையைத் தோலில் எழுப்பத் தெரிந்த மக்கள் பொதுக்குளத்தில் ஒரு குடம் நீர் முகக்க உரிமையற்றிருந்தனர் என்பது நம் வரலாற்றின் கசப்பான உண்மை. இந்நிலை தானாக மாறவில்லை. 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொதுக்கிணறுகளையும் குளங்களையும் அனைவரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்திலும் பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைப் பற்றி அத்தகைய தீர்மானம் நிறைவேறியது. இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் முதலிய உறுப்பினர்கள் மன்றத்தில் எழுப்பிய குரல் அதற்குத் துணை நின்றது. தீர்மானம் தாளில் இருந்தது. குளம் கரைக்குள் இருந்தது. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரருந்தினார். அவரைப் பின்பற்றி வந்தோரும் அருந்தினர். அக்குளத்தைப் பற்றிய வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிவாயிற்று. ஒரு கை நீருக்குப் பத்தாண்டு வழக்கு! 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் எவரையும் விலக்குதல் கூடாதென்று விதித்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது.

நீருரிமைக்கான போராட்டம் நடந்த அதே காலத்தில் மற்றொரு போராட்டமும் ஊர்தோறும் நடந்தது. கூலியின்றியோ, ஒரு மரக்கால் நெல்லுக்கோ, ஊர்ச் சாவுக்கும் தண்டோராவுக்கும் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட நம் பெரியோர், இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்தனர். பலர் பறையைக் கிழித்தெறிந்தனர். அதற்காக அடியும் புறக்கணிப்பும் ஏற்றனர். அவர்கள் செய்தது முற்றிலும் சரி என்பதே நமது துணிபு. அவர்கள் கிழித்தது கலையை அன்று, அடிமை முறியை. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் அரசு தண்டோரா முறையைக் கைவிடுமாறு அறிவுறுத்தி, ஒலிபெருக்கி வாயிலாக அறிவிக்குமாறு கூறியதும் அப்பெரியோர் தொடங்கிய போராட்டத்தின் தொடர்ச்சியே.

கட்டாயம் நீங்கிய பின் கலை எழுந்தது. 1990-களில் தலித் கலை விழாக்களில் பறை மேடை ஏறிற்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை ஏந்தி ஆடியபோது, அது ஆண்களுக்கே உரியது என்ற எண்ணமும் தகர்ந்தது. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சாவு வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கருவிக்கு நாட்டின் பெருமன்றம் இருக்கை அளித்தது.

இளைஞர்களே!

பறையை வாசித்தே ஆக வேண்டும் என்று நாம் உங்களைக் கேட்கவில்லை. மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆட்சியராகவும் உயருங்கள். அதற்காகவே இச்சங்கம் தோன்றியது. பிறப்பினால் ஒருவன் மீது தொழிலைச் சுமத்துதல் எவ்வளவு தவறோ, பிறப்பினால் ஒரு கலையைச் சுமத்துதலும் அவ்வளவு தவறு. ஆனால் பறையைக் கண்டு நாணித் தலைகுனிய வேண்டாம் என்று மட்டும் கேட்கிறோம். நாண வேண்டியவர்கள் அதைச் சுமத்தியவர்கள்.

விருப்பமுள்ளோர்க்கு நாம் கூற விரும்புவன மூன்று.

முதலாவது, நம் ஊர்களில் எஞ்சியிருக்கும் பறைக்கலைஞர்களிடம் செல்லுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர்கள் ஊரில் வழங்கும் பெயரையும், அதன் சொற்கட்டையும், எந்த நிகழ்ச்சிக்கு அதை வாசித்தனர் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். மழைக்கும் மடை திறப்புக்கும் ஏரிக்கரை வேலைக்கும் தனி அடி இருந்ததா என்று மறவாமல் கேளுங்கள். பெரியவர் ஒருவர் மறைந்தால் அவரோடு பல அடிகளும் மறைந்துபோகும்.

இரண்டாவது, அதன் அறிவியலைப் படியுங்கள். இராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தது போல் பறையை ஆராயத் தகுதியுள்ளவர் நம் வீட்டுப் பிள்ளைகளிலிருந்தே வர வேண்டும். அனலில் காயும்போது தோலின் சுருதி எவ்வளவு ஏறுகிறது என்பதை ஒரு மாணவன் அளந்து பட்டியலிட்டால் அதுவே நல்லதோர் ஆய்வுக்குத் தொடக்கம்.

மூன்றாவது, புதியன படையுங்கள். பறைக்கு இரு குச்சிகள். நீண்டு மெலிந்த குச்சி உயர்ந்த கூரிய ஒலியைத் தரும். குட்டையான தடித்த அடிக்குச்சி தாழ்ந்த ஒலியைத் தரும். முனிவர் மூவகை இலைகளில் கேட்ட வேறுபாட்டை ஒரே வட்டத் தோலில் ஒருவரே எழுப்ப இயலும். மெலிந்த குச்சியால் ஓரத்தில் இடைவிட்டுத் தட்டினால் அது முதல் துளி. இடைவெளி குறைந்தால் தூறல். அடிக்குச்சி நடுவில் இறங்கினால் பெருமழை. இரண்டும் விடாது உருண்டால் மடை திறந்த வெள்ளம். பின்னர் ஒவ்வொன்றாகக் குறைந்து, இலை நுனியிலிருந்து கடைசியாகச் சொட்டும் ஒற்றைத் துளியில் வந்து நிற்கலாம். யாருடைய ஆணைக்கும் ஏவலுக்குமன்றி, மழையைக் கேட்ட மகிழ்ச்சிக்காகவே ஒருவர் தனித்து நின்று வாசிக்கும் பறையிசை அது. நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் நம் மகன் ஒருவனோ மகள் ஒருத்தியோ அத்தகைய படைப்பை அரங்கேற்றட்டும்.

மாங்குடி கிழார் பெருமையோடு கூறிய குடி, மணிமேகலை சிறப்பித்த முதுகுடி, மகாத் குளத்தில் நீரருந்திய மக்கள், கட்டாயப் பறையை மறுத்த பெரியோர் ஆகிய அனைவருக்கும் நாமே வழித்தோன்றல்கள். இவ்வரலாறு முழுவதையும் அறிந்த இளைஞன் தன் கையில் பறையை எடுத்தாலும் பெருமை. புத்தகத்தை எடுத்தாலும் பெருமை. இரண்டையும் எடுப்பானாயின் நம் சங்கத்தின் பொன்விழா மலரில் எழுதுவதற்கு நல்ல செய்திகள் நிறையக் கிடைக்கும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!